மாற்றிக் கேட்ட மூன்று சொற்கள்

இன்று ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப் போட்டிருந்தார்கள். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்துல இருந்து சாமி கும்பிடியவங்களுக்கு நம்ம ஆராய்ச்சி எதுக்கு மக்கா?" என்று நீ கேட்டது இப்படி ஒரு வீட்டில்தான். நீ கண்ணை மூடிய பிறகும் நான் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். முழங்கால் கெஞ்சுகிறது.

உளவியல் படித்த நாம் இருவரும் சேர்ந்து தொடங்கிய வேலை. ஆன்மிக நிறைவு உள்ள முதியவர்களுக்கு நினைவாற்றல் கூடுதல் காலம் நிற்கிறதா என்று பார்ப்பது. ஆன்மிகக் கேள்விகள் என் பொறுப்பு, நினைவுச் சோதனை உன்னுடையது. "ஆத்மாவுக்கு மார்க்கு போடிய வேலை உனக்கு. எனக்கு மூணு சொல்லு போதும்" என்று என்னைச் சீண்டுவாய். குடை, தேங்காய், பூனை என்று சொல்லிவிட்டு, வேறு ஏதேதோ பேசிவிட்டு, அந்த மூன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்வாய்.

ஊர்க்காரர்கள் நம்மைப் படுத்திய பாடு கொஞ்சமா? நீ ஒரு வீட்டில் கேட்பது மதிலுக்கு அப்பால் நிற்பவர்கள் காதில் விழுந்துவிடும். அடுத்த வீட்டு வாசலில் கால் வைக்கும் முன்பே ஒரு பாட்டா, "குடை, தேங்கா, பூனை. சரியாக்கும், எழுதிக்க" என்றார். நீ தலையில் அடித்துக்கொண்டு வேறு சொற்களைத் தயார் செய்தாய். என் கேள்விகளின் கதியும் அதுதான். பூவாரில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் மனதில் நிம்மதி உண்டா என்று கேட்டேன். "உண்டுண்ணு எழுதிக்கிட்டுப் போ பிள்ளே, வெயிலு ஏறுது" என்றார். கேட்ட எல்லோருமே உண்டு என்றுதான் சொன்னார்கள். எனக்கு அலுத்துப்போனது.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. அதியன்னூரில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நெய்யாற்றின்கரையில் உன்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒரு பெண், கேட்டதையே நீ திரும்பத் திரும்பக் கேட்பதாக அழுதாள் என்று சொன்னாய். "என்னைய ஒண்ணு சோதிச்சுப் பாரு. வேற ஆருட்டயும் போவ மாட்டேன். உள்ளத உள்ளபடி சொல்லணும்."

தேதி, கிழமை, கணக்கு, கடிகாரப் படம், மூன்று சொற்கள் எல்லாவற்றிலும் தேறினாய். எனக்குப் போன உயிர் திரும்பியது. நீ மட்டும் சிரிக்கவில்லை. "இதெல்லாம் எனக்கு மனப்பாடமாக்கும். மாத்திக் கேளு" என்றாய்.

படகு, முருங்கை, கம்மல் என்று சொன்னேன். தேநீர் போட்டோம், உன் மருமகளைப் பற்றிப் பேசினோம். பிறகு கேட்டேன். நீ தயங்கவே இல்லை. "குடை, தேங்கா, பூனை. சரிதானே?"

பதில் சரியானாலும் தப்பானாலும் முகம் மாறாமல் "நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது நம் வழக்கம். என் வாய் தானாக "நல்லது" என்றது. நீ என்னையே பார்த்தாய். "எனக்கிட்ட அது வேண்டாம். சொல்லு."

சொன்னேன். மூன்றில் ஒன்றுகூட இல்லை என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ.

நீ டம்ளரை நகர்த்தி வைத்தாய். "பின்ன உனக்க கேள்வியையும் கேளு" என்றாய். வேண்டாம் என்றேன், விடவில்லை. மனதில் நிம்மதி உண்டா என்று கேட்டேன். "இல்ல. பயமாட்டு இருக்கு. எழுது" என்றாய். இத்தனை வீடு ஏறியும் எனக்குக் கிடைக்காத பதில். நான் எழுதவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரமே நீ நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாய். அதற்குப் பிறகு உன்னிடம் மறதி வளர்ந்ததே தவிர, அந்த முடிவைப் பற்றி ஒரு நாளும் நீ வருந்தவில்லை.

இன்றைக்கு நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். அந்த ரப்பர் வீட்டு அம்மச்சியிடம் மூன்று சொற்களைக் கொடுத்தேன். நிம்மதி உண்டா என்பது வரை எல்லாக் கேள்விகளையும் முடித்துவிட்டுத் திருப்பிக் கேட்டேன். அம்மச்சி மூன்றையும் கடகடவென்று சொன்னாள். சரியா என்று தெரியவில்லை எனக்கு. குனிந்து தாளைப் பார்த்துத்தான் சரியென்று தெரிந்துகொண்டேன். "என்ன மக்கா, தப்பாச்சா?" என்று அவள் கேட்டாள்.

களைப்பாக இருக்கலாம். நீயும் முதலில் களைப்பு என்றுதான் சொன்னாய். சோதித்துப் பார்க்க ஆளா இல்லை? நாமே பழக்கிவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எல்லோரும் முகம் மாறாமல் "நல்லது" என்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. மாற்றிக் கேட்க எனக்கு நீ வேண்டும், மக்கா.