தீயில்லாத அடுப்பில் பால் காய்ச்சினேன்

என் பிரியமான ஏனுங்க,

முப்பது வருஷம் இப்படித்தானே கூப்பிட்டேன்; கடிதத்திலும் பெயரெழுதக் கை வரவில்லை. சௌக்கியமா என்று கேட்கவும் முடியாது, நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் கவிதா பீளமேட்டில் ஃபிளாட் வாங்கிவிட்டாள். ஆறாவது மாடி. போன வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். எந்த அடுப்பில் தெரியுமா? உங்கள் இண்டக்‌ஷன் அடுப்பில்!

சிரிக்காதீர்கள். அதை நீங்கள் துடியலூர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் பேசிய பேச்சு எனக்கும் நினைவிருக்கிறது. "தீயில்லாம என்னங்க அடுப்பு? வெளையாட்டுச் சாமானாட்டம் இருக்குது" என்றேன். "உள்ளுக்குள்ள செம்புக்கம்பிக் காயில்தான் அம்மணி. ஆயுசு பூரா நான் மோட்டாருக்குச் சுத்தறதுதான், இதுல படுக்க வெச்சிருக்கறாங்க" என்றீர்கள். மோட்டார் வைண்டிங் கடைக்காரரிடமிருந்து வேறென்ன பதில் வரும்?

முதல் நாளே பால் பொங்கி, தொடுகிற பட்டன்மேல் வழிந்து, அடுப்பு கீ கீ என்று கத்திவிட்டு நின்றுபோனது. "பால் பொங்குனா நல்லதும்பாங்க, இது மூஞ்சியத் திருப்பிக்குது" என்று பரண்மேல் ஏற்றிவிட்டேன். நீங்கள் அதை இறக்கி, பட்டனைக் கழற்றிவிட்டுத் திருகுகிற குமிழ் வைத்து, வழிகிற பால் ஓடுவதற்குச் சுற்றிலும் அலுமினியத் தகட்டில் ஒரு சின்ன வாய்க்காலும் அடித்தீர்கள். "ஒரே ஒரு டீ வெச்சுக் குடு அம்மணி" என்று எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? நாளைக்கு, நாளைக்கு என்றேன். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அந்த ஒரு டீ என் நெஞ்சை இன்னும் அறுக்கிறது.

கவிதா ஃபிளாட்டுக்கு கேஸ் இன்னும் வரவில்லை. "அப்பா அடுப்ப எடுத்துட்டு வாம்மா, நீதான் பால் வெக்கோணும்" என்றாள். உங்கள் கடையிலிருந்த காந்தத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பாத்திரக்கடைக்குப் போனேன். காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இதில் சுடும் என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கவிழ்த்து ஒட்டிப் பார்த்தேன். "ஏனுங்கம்மா, பாத்திரம் வாங்க வந்தீங்களா, பரீட்சை வெக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

வெள்ளிக்கிழமை குமிழில் கை வைக்கப் போனேன். உங்கள் அக்கா தடுத்தார். "நீ பத்த வெக்க வேண்டாங் கண்ணு. சுமங்கலி யாராச்சும் வெக்கட்டும்."

கையை இழுத்துக்கொண்டேன். பெற்ற மகள் வீட்டில் நான் பால் காய்ச்சக் கூடாதா? சுருக்கென்று இருந்தது, உங்களிடம் மறைப்பானேன். நம் மகள் விடுகிற ஆளா?

"இதுல தீயே இல்லீங்களே அத்தை. பத்த வெக்கறதுக்கு என்னங்க இருக்குது? அம்மா திருகி மட்டும் உடட்டும்."

உங்கள் அக்கா குனிந்து அடுப்பின் அடியில் பார்த்தார். மேலே தடவிப் பார்த்தார். தீ இருந்தால்தானே!

"அதென்னமோ போ, எனக்கொண்ணும் புரியல. திருகு கண்ணு."

திருகினேன். பால் பொங்கியது, வழிந்தது, உங்கள் வாய்க்காலில் ஓடியது. அடுப்பு மூச்சுக் காட்டவில்லை. அது பாட்டுக்குக் காய்ந்துகொண்டே இருந்தது. முதலில் கைதட்டியது யார் தெரியுமா? உங்கள் அக்காதான். "என்ற தம்பி கைவேலைன்னா சும்மாவா!" என்றார். நான் ஒரு பக்கம் அழுகிறேன், ஒரு பக்கம் சிரிக்கிறேன். கவிதா என்னைக் கட்டிக்கொண்டாள்.

குமிழ் மாட்டிய அன்று கடையை மூடிவிட்டு வந்து, திருகாணி தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, என் வாய்க்குப் பயந்தா அதைச் செய்தீர்கள்? இல்லை, என்றைக்காவது நான் திருகுவேன் என்று நம்பினீர்களா?

அடுப்பை நம் வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இனிப் பரணில் ஏற்ற மாட்டேன். நாளைக்கு என்றும் சொல்ல மாட்டேன். இதோ, நாலு மணி ஆகப் போகிறது; உங்கள் படத்தின் முன்னால் டீ வரும். சர்க்கரை, நீங்கள் கெஞ்சிக் கேட்ட அதே மூன்று ஸ்பூன். இனி எந்த டாக்டர் திட்டப் போகிறார்?

இப்போதே தண்ணீர் வைக்கப் போகிற,
உங்கள் வீட்டுக்காரி சரசு