முந்தும் படம், பிந்தும் பாட்டு

மார்ச் 4, செவ்வாய்

முப்பத்து நான்கு விடைத்தாள், ஒரே கேள்வி. வகுப்பில் நான்கு முறை போட்டுக் காட்டிய அந்தப் பிரிவுப் பாட்டின் வீடியோவில் படத்துக்கும் சொல்லுக்கும் என்ன உறவு? பாட்டு சொல்வதைப் படம் அப்படியே காட்டுகிறதா, கூட்டிக் காட்டுகிறதா, எதிர்த்துப் பேசுகிறதா? இந்த மூன்றையும் எட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

பிள்ளைகள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதாவது, நான் சொன்னதையே எழுதியிருக்கிறார்கள். பாடுகிறவளின் உதடு முதலில் அசைகிறது, சொல் கொஞ்சம் கழித்து வருகிறது. காட்சி மாறிய பிறகுதான் தாளம் விழுகிறது. உடல் கிளம்பிப் போய்விட்டது, குரல் மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறது. என் ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுக்க இதுதான், ஐம்பத்தெட்டுப் பக்கம். ஆறு வருட உழைப்பில் நான் பெருமைப்படும் ஒரே இடம்.

முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஏட்டைக் கொடுத்து, வாய்மொழித் தேர்விலும் தேறினால் வேலை நிரந்தரம். கொடுக்காவிட்டால் அடுத்த கல்வியாண்டில் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள்.

கடைசித் தாள் முணுமுணுப்புடையது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் வாய்க்குள்ளேயே பதில் சொல்லும் பெண். பட்டப்பெயர் நான் வைத்தது, அவளுக்குத் தெரியாது. மூன்றே வரி எழுதியிருக்கிறாள். ‘படம் முன்னால் போகிறது, பாட்டு பின்னால் வருகிறது. ஸ்பீக்கர் கோளாறு என்று நினைக்கிறேன். வீட்டில் பார்த்தபோது சரியாக இருந்தது.’

எவ்வளவு கொழுப்பு! பத்துக்கு இரண்டு போட்டேன். சிவப்பு மையில் ‘கோட்பாட்டைப் பொருத்திப் பார்க்கவும்!’ என்று எழுதினேன். ஆச்சரியக்குறி வேறு.

மார்ச் 6, வியாழன்

நான்காம் இயலுக்கு மெய்ப்பு பார்த்து முடித்தேன். காட்சி மாறும் எழுபத்து நான்கு வெட்டுகளுக்கும் அட்டவணை. கண் எரிகிறது.

மார்ச் 7, வெள்ளி

முணுமுணுப்பு ஆசிரியர் அறைக்கு வந்தாள். மார்க்குக்குச் சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு தயாரானேன்.

“மேடம், நீங்க அந்த வீடியோவ ஒயர் ஹெட்போன்ல பாத்தீங்களா?”

“எனக்குப் பாடம் நடத்த வந்தியா?”

“இல்ல மேடம். சும்மா கேட்டேன்.”

எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். படித்தவர்கள் எழுதினதெல்லாம் முட்டாள்தனம், உன் காது மட்டும்தான் காதா என்று. அவள் வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். ஏன் அவ்வளவு கோபம் வந்தது எனக்கு? சின்னப் பெண். ஒரு கேள்விதானே கேட்டாள்?

மார்ச் 8, சனி

மத்தியானம் மூன்று மணி. இவருடைய பழைய ஹெட்போனைக் கம்ப்யூட்டரில் செருகி அந்த வீடியோவைப் போட்டேன். அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான்.

உதடும் சொல்லும் ஒன்றாக இருக்கின்றன.

திரும்பப் போட்டேன். ஒன்றாகத்தான் இருக்கின்றன. வெட்டு ஒவ்வொன்றும் தாளத்தின் உச்சந்தலையில் விழுகிறது. எழுபத்து நான்கும்.

ஐயோ.

வகுப்பறையின் பழைய ஒயர் ஸ்பீக்கர் செத்துப்போனதும் போன வருடம் நானே ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். வகுப்பிலும் அதுதான், வீட்டில் எழுதும்போதும் அதுதான். முதல் மூன்று இயல்கள் பழைய ஸ்பீக்கர் காலத்தவை. ஐந்தாம் இயல் ரசிகர்களின் பேட்டி, அதில் ஒலிக்கு வேலையே இல்லை. நான்காம் இயல் மட்டும்தான்... மற்றப் பாட்டுகளில் இது எனக்குத் தெரியவில்லையா? தெரிந்ததே! இந்தக் காலத்து எடிட்டிங் என்று நினைத்துக்கொண்டேன். அடிக்குறிப்பு கூடப் போட்டிருக்கிறேன்: ‘இவ்வுத்தி அண்மைக் காலத்தில் வேகமாகப் பரவிவருகிறது.’ பரவாமல் என்ன செய்யும்? என் கைப்பையில் அல்லவா போய்க்கொண்டிருந்தது!

பேயறைந்தவள்போல உட்கார்ந்திருந்தேன். இவர் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, கை கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“ஒயர் இல்லாம காத்துல வர்ற சத்தம் கொஞ்சம் லேட்டாத்தாம்மா வரும். எங்கிட்ட கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே.”

“உங்ககிட்ட எதுக்குங்க கேக்கணும்? நான் கோட்பாடு படிச்சவ!”

சொன்ன பிறகு எனக்கே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

யாருக்குத் தெரியப்போகிறது? தேர்வாளர் ஒவ்வொரு வெட்டையும் எண்ணிப் பார்க்கப்போகிறாரா? அப்படியே கொடுத்துவிட்டால்?

நாள் முழுக்க இதே. துணியை இரண்டு முறை துவைத்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றே வை. அந்தப் பெண்ணின் முகத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

மார்ச் 10, திங்கள்

நெறியாளரிடம் சொன்னேன். அவள் கல்லூரியில் எனக்கு ஆறு வருடம் ஜூனியர். முன்பே பட்டம் வாங்கிவிட்டதால் எனக்கு நெறியாளர். பிறர் முன்னால் நான் அவளை மேடம் என்பேன், தனியாக இருந்தால் அவள் என்னை அக்கா என்பாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

“அக்கா, அத வச்சு நான் ரெண்டு கருத்தரங்குல பேசிட்டேன்!”

“தெரியும்.”

“ஒருத்தர் எழுந்து நின்னு கை தட்டினாரு!”

தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றே யோசித்து வைத்திருந்த வழியைச் சொன்னேன். பார்வையாளர்தான் அர்த்தத்தை உண்டாக்குகிறார் என்று ஒரு கோட்பாடு இருக்கிறதே, முப்பத்து மூன்று பேர் ஒரு கோளாறில் சோகத்தைக் கண்டார்கள் என்று இயலையே மாற்றி எழுதிவிட்டால்?

“வேணாம்க்கா. அவங்க கண்டுபிடிக்கல, நீங்க சொன்னத எழுதினாங்க. பூசி மெழுகாதீங்க. எடுத்துடுங்க.”

“நாலு இயல் போதுமா? கிழிச்சுப் போட்டுட மாட்டாங்களா?”

“மூணுக்குக் குறையக் கூடாதுன்னுதான் விதி. ஆனா ஏன் எடுத்தோம்னு முன்னுரையில ஒரு பக்கம் எழுதுங்க. தேர்வாளர் என்ன சொல்வாருன்னு எனக்கும் தெரியாது. சொல்றத ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கலாம்.”

படி இறங்கும்போது கால் லேசாக இருந்தது. பயம் போகவில்லை. ஆனால் நெஞ்சில் கல் ஏறி உட்கார்ந்திருந்ததே, அது இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

வகுப்பில் வீடியோவை ஒயரில் போட்டேன். பிறகு ப்ளூடூத்தில். பிறகு மறுபடி ஒயரில். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளத்தான் ஆசை. திரும்பவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்றேன், வெள்ளிக்கிழமை கத்தியது அதைவிடத் தப்பு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

முணுமுணுப்பின் தாளில் இரண்டை அடித்துப் பத்து போட்டுக் கொடுத்தேன். மூன்று வரியையும் நிதானமாகப் படித்துப் பார்த்தாள்.

“பத்து வேணாம் மேடம். கோட்பாடு ஒண்ணுமே எழுதலையே. ஏழு போதும்.”

பேரம் பேசி எட்டில் நின்றோம்.

மார்ச் 31, திங்கள்

நான்கு மணிக்கு ஏட்டைக் கொடுத்தேன். அலுவலக எழுத்தர் கையில் தூக்கிப் பார்த்து, “என்ன மேடம், எல்லாரும் தலையணை கொண்டாருவாங்க, நீங்க நோட்டுப் புத்தகம் கொண்டாந்திருக்கீங்க?” என்றார். வாயை மூடிக்கொண்டு கையெழுத்து வாங்கிவந்தேன். எனக்கு இதுவே சாதனை.

ஜூலை 17, வியாழன்

வாய்மொழித் தேர்வு முடிந்தது. முடிந்தது, முடிந்தது, முடிந்தது!

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இந்தத் துறையில் பெரிய கை. அவர் புத்தகம் இல்லாத பாடத்திட்டம் இல்லை. வந்ததும் என் முன்னுரைப் பக்கத்தைத் திறந்து வைத்து, சத்தமாக முழுவதையும் படித்தார். ஸ்பீக்கர், பை, அடிக்குறிப்பு, எல்லாம். நெறியாளர் மேசைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். படித்து முடித்து அவர் பக்கத்தைப் புரட்டினார். கேமரா யார் கண்ணாகிப் பார்க்கிறது என்ற இரண்டாம் இயலைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார். கடைசியில் “தகுதி உண்டு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போதும் முன்னுரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு மாடிப்படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

“என் புஸ்தகத்துல ஏழாவது இயல் படிச்சிருக்கீங்களாம்மா?”

படிக்காமலா? ஒரு பாட்டின் வீடியோவில் பாடகன் வலது கையில் கடிகாரம் கட்டியிருப்பான், சட்டைப் பொத்தான் எதிர்ப்பக்கம் இருக்கும். தன்னைத் தானே கண்ணாடிப் பிம்பமாகப் பார்க்கும் மனிதன் என்று இருபத்திரண்டு பக்கம் எழுதியிருப்பார்.

“நான் பாத்தது எவனோ திருட்டுத்தனமா ஏத்தின காப்பி. மாட்டிக்கக் கூடாதுன்னு இடவலமாத் திருப்பிப் போட்டிருக்கான். ஒரிஜினல்ல கடிகாரம் இடது கையிலதான் இருக்கு. புஸ்தகம் வந்த மறுவருஷம் தெரிஞ்சுது. பதினோரு வருஷமா யாருகிட்டயும் சொல்லல. அத இன்னமும் எங்கெங்கியோ நடத்துறாங்க.”

“நாங்களும் நடத்துறோம் சார்.”

ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரும்வரை. துடைப்பம் வைத்திருந்த பெண்மணி எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

ஜூலை 18, வெள்ளி

ஒன்பது மணிவரை தூங்கினேன்.

ஜூலை 30, புதன்

நிரந்தர ஆணை நேற்றுக் கைக்கு வந்தது. இவர் இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்கே போய்விட்டார். திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

காலையில் தேர்வாளரிடமிருந்து ஒரு செய்தி: ‘பதிப்பகத்துக்கு எழுதிட்டேன். அடுத்த பதிப்புல ஏழாவது இயல் இருக்காது. பதினோரு வருஷமா அந்தப் பாட்டு எங்க கேட்டாலும் எழுந்து வெளிய போயிடுவேன். நேத்து உக்காந்து முழுசாப் பாத்தேன். நல்ல பாட்டும்மா.’