பெயர் வெட்டிய பாத்திரங்கள்

தாராவி, மும்பை
வெள்ளிக்கிழமை

அன்பிற்குரிய சஃப்ரீன் லாத்தா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மீதும் சைஃப் பாய் மீதும் பிள்ளைகள் மீதும் அல்லாஹ்வின் அருள் குறையாமல் இருக்கட்டும். இங்கே நானும் மெஹக்கும், மாமா மாமியும் நலம். மெல்போர்னில் குளிர் தொடங்கிவிட்டதாக மெஹக்கின் வாப்பா சொன்னார். நீங்கள் அவரைக் கடைக்கு அழைத்துப்போய்க் கம்பளிக் கோட்டு எடுத்துக் கொடுத்ததையும் சொன்னார். படத்தில் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அடர்ந்த நிறமாக எடுத்திருப்பேன். அவருக்கு வெளிர் நிறம் எடுபடாது. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

உங்களை லாத்தா என்று அழைப்பதில் வருத்தமில்லையே? என்னைவிட ஒரே ஒரு வயதுதான் மூப்பு என்று அவர் சொன்னார். இருந்தாலும் மூத்தவர் மூத்தவர்தானே. லாத்தா என்றே இருக்கட்டும்.

கையில் போனை வைத்துக்கொண்டு தபாலில் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். போனில் நாம் பேசும்போதெல்லாம் நடுவில் அவர் இருக்கிறார். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அவர் தாராவியில் பிறந்து இந்தியும் இங்கிலீஷும் படித்தவர். தமிழ் பேசச் சொன்னால் வெளுத்து வாங்குவார், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவார். இந்தக் கடிதம் தவறி அவர் கையில் கிடைத்தாலும் ‘அன்பிற்குரிய’ என்பதைத் தாண்டுவதற்குள் அவருடைய டீ ஆறிவிடும். நீங்கள் பாளையங்கோட்டையில் படித்தவர், நானும் அங்கேதான் பி.எஸ்சி. முடித்தேன். ஆகவே இது நம் இருவருக்குள் இருக்கும்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். மெஹக் தவழ்ந்துகொண்டிருந்தபோது ஒரு பெட்டியும் ஏசி ரிப்பேர் டூல்பேகுமாக வந்து இறங்கிய மனிதருக்கு, உங்கள் வீட்டின் பின்னால் இருக்கும் சின்ன வீட்டை வாடகைக்குக் கொடுத்தீர்கள். பெண்டாட்டி பிள்ளை வரும்வரை வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டா இருப்பார் என்று கட்டில், மேசை, திரைச்சீலை, கால்மிதி எல்லாம் நீங்களே தேடிப்பிடித்துப் போட்டீர்கள். வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டினார். திரைச்சீலையில் மஞ்சள் பூ. எனக்கு மஞ்சள் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்குத் தெரியும். சொல்ல மறந்திருப்பார்.

விசா வந்த அன்று உங்கள் குரலைப் பதிவாக எனக்கு அனுப்பிவைத்தார். “காலித், அவங்ககிட்ட சொல்லிருங்க, ஒண்ணும் தூக்கிட்டு வர வேணாம். எல்லாத்தையும் வித்துட்டுக் கைய வீசிட்டு வரச் சொல்லுங்க. இங்க எல்லாம் இருக்கு.” நல்ல யோசனைதான். நான்தான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். யோசனைக்காக இல்லை, அந்த முதல் வார்த்தைக்காக. நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். நீங்கள் எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிடுகிறீர்கள்!

சொன்னபடியே விற்க ஆரம்பித்தேன். அவர் செத்துப்போன இரண்டு ஃப்ரிட்ஜைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்துச் செய்த எங்கள் ஃப்ரிட்ஜ் முதலில் போனது. கட்டில் போனது. கண்ணாடி வைத்த பீரோவை எதிர்வீட்டு ரஞ்சனா எடுத்துக்கொண்டாள். “டென்ஷன் மத் லே, உதர் சப் மில்தா ஹை” என்று என்னைத் தேற்றினாள். அங்கே எல்லாம் கிடைக்குமாம், கவலைப்படக் கூடாதாம். நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மெஹக்கைக் காணோம். தேடிக்கொண்டு போனால், ரஞ்சனா வீட்டில் பீரோவுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். ரஞ்சனாவின் மகள் கதவில் கை வைத்ததும் பாய்ந்து தட்டிவிட்டு “மேரா ஹை! மேரா ஹை!” என்று ஒரே கூச்சல். (இவளுக்குத் தமிழைவிட இந்திதான் முந்திக்கொண்டு வருகிறது.) ரஞ்சனா சிரித்தாள். நான் தூக்கிக்கொண்டு வந்து முதுகில் ஒன்று வைத்தேன். கொடுத்துவிட்ட சாமானை என்னுது என்று சொல்லக் கூடாது என்றேன். அழுது அழுது தூங்கிப்போனாள். பிறகு எனக்கு ஆறவில்லை. கொடுத்தது நான்தானே, அவளையா கேட்டேன்?

கடைசியாகப் பாத்திரங்கள். உம்மா சீராகக் கொடுத்தவை. சோற்றுச் சட்டி, தேக்சா, போணி, டம்ளர் என்று ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் என் பெயர் வெட்டியிருக்கும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் அப்படித்தானே. அறுபதடி ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுயம்பு அண்ணாச்சி பழையதை எடைக்கு எடுப்பார். இரண்டு சாக்கில் கட்டி அவரிடம் கொண்டுபோய்ப் போட்டேன். உம்மாவிடம் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீடியோவில் வந்தார். மெஹக்கைச் சிரிக்கவைக்க டம்ளரை மூக்கில் கவிழ்த்துக்கொண்டு யானை மாதிரி ஆட்டினார். டீ டம்ளர், நல்ல கனமான எவர்சில்வர். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. என் கண்தான் ஏதோ பார்க்கிறது என்று நினைத்தேன். அப்படியே படம் பிடித்து, போனை வைத்தபிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். ‘செ.சஃப்ரீன்’. இனிஷியலோடு இருந்தது. பழைய வீடியோ படங்களையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். அவர் முட்டை பொரிக்கிற கரண்டியில், தண்ணீர் மொள்ளுகிற செம்பில், பருப்பு வேகிற சட்டியில், எழுத்து தெரிந்த இடத்திலெல்லாம் நீங்கள்தான்.

நான் தவறாக ஒன்றும் நினைக்கவில்லை, லாத்தா. உங்கள் வீட்டில் மிஞ்சியதைக் கொடுத்திருக்கிறீர்கள். யார்தான் இந்தக் காலத்தில் இப்படிக் கொடுப்பார்கள்? ஆனால் என் பெயர் இருந்த பாத்திரமெல்லாம் சாக்கில் கிடக்க, அவர் உங்கள் பெயரில் வாய்வைத்து டீ குடிக்கிறார். நீங்கள் செய்தது அத்தனையும் நன்மை என்று என் அறிவுக்குத் தெரிகிறது. அறிவு பி.எஸ்சி. படித்தது. மற்றது எதுவும் படிக்கவில்லை.

மெஹக்கை மாமியிடம் விட்டுவிட்டு ஓடினேன். அண்ணாச்சி ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு சாக்கு ஏற்கெனவே போய்விட்டது. தேக்சாவும் சோற்றுச் சட்டியும் அதில் போயின. பழைய சாமான்களோடு சேர்த்துவிட்டிருந்த மற்றதை அவிழ்த்துக் கொட்டச் சொல்லி, கடைத் தரையில் உட்கார்ந்து, யார் யார் வீட்டுப் பாத்திரமோ கலந்து கிடந்ததில் என் பெயர் இருப்பதை மட்டும் பொறுக்கினேன். அண்ணாச்சி தலைக்குமேல் நின்றுகொண்டு, “என்னம்மா, பேரு பாத்துப் பொறுக்குற, ஃபாரின் போற வீட்டுல டம்ளர் திருட்டுப் போவுமாக்கும்?” என்றார். டம்ளர் போகாது அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன்.

அடியில் சஹன் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஈயம் பூசிய பெரிய செம்புத் தட்டு, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடலாம். கல்யாணமான புதிதில் நாங்கள் இருவர் மட்டும் அதில் சாப்பிடுவோம். ஒருநாள் அவர் சோற்றை ஒதுக்கிக்கொண்டே வந்தபோது விளிம்பில் எழுத்தைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். நீங்களே படியுங்கள் என்றேன். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, நடுவில் ‘ஃ’ வந்ததும் தடுமாறி நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, நெய்ச்சோறு காயக் காயப் படித்து முடித்தார். ஷரீஃபுன்னிசா. அவர் தமிழில் தானாக எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் அது. அதற்குப் பிறகு வேறு எதையும் படித்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சஹனையும் சேர்த்துத்தான் எடைக்குப் போட்டிருந்தேன். நீங்கள் சொன்னீர்கள் என்று.

அண்ணாச்சியிடம் புதிதாகச் சில டம்ளர்களும் தட்டுகளும் வாங்கினேன். பெயர் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு என்ன பேர் என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். கூட இன்னொன்று என்றேன். சொல்லும்மா என்றார். மெதுவாகச் சொன்னேன். ரோட்டில் டெம்போ ஹாரன், அவருக்குக் கேட்கவில்லை. “சத்தமா சொல்லு தாயி.” காலித் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். இப்போது எழுதவும் வருகிறது, பாருங்கள்.

இதையெல்லாம் கப்பலில் அனுப்பப் போகிறேன் என்றதும் அவர் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டார். அனுப்புகிற செலவுக்கு இங்கே புதிதாகவே வாங்கிவிடலாம், பைத்தியமா உனக்கு என்று கேட்டார். ஏன் என்று நான் சொல்லவில்லை. கையில் இருக்கும் டம்ளரைத் திருப்பிப் படியுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். இத்தனை நாள் குடித்தும் அங்கே ஒரு பெயர் இருப்பதை அவர் பார்த்ததில்லை என்றால், இனியும் பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார் என்றால், அது எனக்குத் தெரிய வேண்டாம்.

மாமிக்குப் படிக்கத் தெரியாது. “ஏளா, சட்டி பானையக் கப்பல்ல ஏத்துற மொத ஆளு நீதான்” என்று இரண்டு நாள் வைதார்கள். மூன்றாம் நாள் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். போனை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்கள். பிறகு, “ஆம்பளைக்குத் தட்டுல சோறு இருக்கான்னுதான் தெரியும், தட்டு யாருதுன்னா தெரியும்?” என்று சொல்லிவிட்டுத் தங்கள் பழைய சேலைகளை எடுத்துவந்து, “நெளிஞ்சிராம சுத்தி வையி” என்று உட்கார்ந்து கட்டினார்கள். பெட்டிகளுக்கு மேல் மாமாதான் உங்கள் விலாசத்தை எழுதினார். கார்கானாவில் தோல் பைக்கு மார்க் போடுகிற பேனாவால் எழுதியது, மழையிலும் அழியாது.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது. மாமாவுக்குச் சயான் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் நான் கிளம்ப முடியும். பெட்டிகள் எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். அவர் பகலெல்லாம் வேலையில் இருப்பார். எங்கள் வீட்டு மறுசாவி உங்களிடம் இருப்பதாகச் சொன்னார். அவர் மறந்து பூட்டிக்கொண்டு போன அன்று நீங்கள்தான் திறந்துவிட்டீர்களாம். ஆகவே நீங்கள்தான் பெட்டிகளை வாங்கி உள்ளே வைக்க வேண்டும். அடுப்படியில் ஓரமாக வையுங்கள், போதும். பிரிக்க வேண்டாம். என்ன இருக்கிறது என்று உங்களுக்குத்தான் எழுதிவிட்டேனே. அடுக்க வேண்டாம். எது எங்கே இருக்க வேண்டும் என்று நான் இங்கிருந்தே யோசித்து வைத்திருக்கிறேன், அந்த வீட்டை ஒருமுறைகூடப் பார்க்காமலே.

நான் வந்ததும் உங்கள் பாத்திரங்களை எல்லாம் என் கையால் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தருவேன். வெறும் பாத்திரமாகத் தரமாட்டேன், பயப்படாதீர்கள். ஒவ்வொன்றிலும் சீனி போட்டுத் தருவேன். ஒன்று விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கட்டும், ஒரு டம்ளர் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முதல் ஜும்ஆ அன்று நீங்களும் சைஃப் பாயும் பிள்ளைகளும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். நெய்ச்சோறு ஆக்கி என் சஹனில் வைக்கிறேன். அன்று நீங்கள் விருந்தாளி. அடுப்படிப் பக்கம் வரவே கூடாது, கரண்டியைத் தொடக் கூடாது.

நீங்கள் செய்த உபகாரத்துக்கு அல்லாஹ் ஈருலகிலும் கூலி தருவான். உங்கள் வீடும் பிள்ளைகளும் உங்கள் வீட்டுக்காரரும் எப்போதும் உங்களுக்கே நிறைவாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். எனக்கும் அதையே கேளுங்கள்.

இன்னும் ஒன்று. நான் வந்து இறங்குகிற அன்று அவர் ஏர்போர்ட்டுக்கு வருவார். நீங்கள் வர வேண்டாம், குளிரில் எதற்கு அலைச்சல். அந்த மறுசாவியை மட்டும் முன்கூட்டியே அவரிடம் கொடுத்து, என் கையில் தரச் சொல்லுங்கள். மெஹக்கைத் தூக்கிக்கொண்டு நான் முதல்முதலாக அந்த வாசலில் வந்து நிற்கும்போது, உள்ளேயிருந்து யாராவது கதவைத் திறந்து வாங்க என்று என்னைக் கூப்பிடும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள், லாத்தா.

வஸ்ஸலாம்.

உங்கள் துஆவை நாடும்,
ஷரீஃபுன்னிசா காலித்