மற்ற வள்ளங்கள்

மச்சாள்,

போன வியாழன் பின்னேரம் எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், நற்செய்தி வாசிப்பை நடத்த வந்த சிஸ்டர், செபமாலையை விரலில் சுற்றியபடி பிலோமினா அக்கா, உம்முடைய மகள். உம்முடைய அண்ணர், என்னுடைய மனுசன், வழமைபோல வாசற்படியில் வலையோடு. உள்ளே வரவுமில்லை, எழுந்து போகவுமில்லை. பாயில் நீர் இருக்கிற மூலையில் ஒருவரும் இருக்கவில்லை.

வாசித்துக்கொண்டிருக்கையில் காற்று எழும்பியது. கூரைத் தகரம் படபடத்தது. உம்முடைய மருமகன் கடலில் நின்றான். மகள் எழும்பி, காற்றுக்கு நாங்கள் செய்வதையே செய்தாள்: குருத்து ஞாயிறன்று மந்திரித்து, சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்த ஓலையில் ஒரு துண்டைக் கிழித்து மெழுகுதிரியில் பிடித்தாள்.

அந்த மணம் வந்ததும் எனக்கு வாசிப்பு நின்றுபோனது. எங்கள் மனுசன்மார் இருவரும் கடலில் நின்ற அன்றைக்கு நீரும் நானும் ஒரே ஓலையைத்தான் இரண்டாகக் கிழித்து எரித்தோம். அதே காற்று, அதே செபம். என்னுடைய மனுசன் கரைக்கு வந்தார். உம்முடைய மனுசன் வரவில்லை.

பிறகு கனகாலம் நீர் வாசிப்புக்கு வரவில்லை. வந்த முதல் வியாழனே, ஆண்டவர் புயலை அடக்கிய பகுதி விழுந்தது. வாசித்து முடிய, மனதைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவரும் மூன்று தரம் சொல்ல வேண்டும். ஒருவரும் குறுக்கே கதைக்கக் கூடாது என்பது ஒழுங்கு. பிலோமினா அக்கா "அமைதி" என்றா. நான் "தலையணை" என்றேன். புயலுக்குள் அவர் தலைவைத்துப் படுத்திருந்தது எனக்கு அதிசயமாக இருந்தது.

"வள்ளத்திலையும் உமக்குத் தலையணையோ? வேறை என்னத்தைக் காணப்போறீர்!" என்று அக்கா ஒழுங்கை மறந்து பகிடி விட்டா. எல்லோரும் சிரித்தோம். அப்போதுதான் நீர் சொன்னீர்: "வேறு படகுகளும். வேறு படகுகளும். வேறு படகுகளும்."

சிரிப்பு அப்படியே அடங்கியது.

"அது சும்மா ஒரு விபரம், பிள்ளை," என்றா சிஸ்டர்.

"சும்மா எண்டால் ஏன் சிஸ்டர் மாற்கு எழுதி வச்சவர்? ஆண்டவரோடை வெளிக்கிட்ட மற்ற வள்ளங்களுக்கு என்ன நடந்தது?"

வீட்டுக்கு வந்து தேடினேன். மத்தேயுவும் லூக்காவும் அந்த வள்ளங்களைச் சொல்லவே இல்லை. மாற்கு மட்டும் ஒரு வரியில் சொல்கிறார். அக்கரையில் இறங்கும்போது அவரும் மறந்துவிடுகிறார். வீட்டுக் கணக்கில் ஒரு தேங்காய் குறைந்தாலும் எனக்கு நித்திரை வராது என்று உமக்குத் தெரியும். இது ஒப்பவே இல்லை.

கிணற்றடியில் நீர் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது ஓடி வந்து சொன்னேன்: "கடல் ஒண்டுதானே மச்சாள். அவர் அடக்கினால் எல்லா வள்ளத்துக்கும்தானே அடங்கும்?"

நீர் நிமிரவில்லை. "ஓம், அடங்கும். அடங்க முதல் தண்ணிக்குள்ளை தாண்டு போனதுகள்?"

கோபத்தில் கேட்டேன்: "அப்ப ஏன் வியாழனுக்கு வாறீர்?"

"வராட்டி ஆர் கேக்கிறது? எங்களிலை அக்கறை இல்லையோ எண்டு கத்தித்தானே சீடரும் அவரை எழுப்பினவை. கத்தினதுக்கு அவர் ஏசினவர்தான். ஒருத்தரையும் இறக்கி விடேல்லை. நானும் கத்திக்கொண்டிருக்கிறன்."

கடைசியாக வந்த நோய் உம்மைப் பாயில் போடும்வரைக்கும் நீர் ஒரு வியாழனும் விடவில்லை. எந்தப் பகுதியை வாசித்தாலும் கடைசியில் அந்தச் சொல்லைத்தான் சொன்னீர். சிஸ்டரும் பிறகு தடுக்கவில்லை.

போன வியாழன் இருட்ட முதல் மருமகன் வந்து சேர்ந்தான். ஈர உடுப்போடு வாசலில் நின்றவனைக் கண்டதும் நான் "ஆண்டவருக்கு நன்றி" என்றேன். உம்முடைய மகள் அவனுக்குத் துவாயைக் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"மாமி, அம்மாவும் உந்த ஓலையைத்தானே எரிச்சவ?"

"ஓம் பிள்ளை."

"அம்மா கேட்டதுக்கு மறுமொழி கிடைச்சதோ?"

நான் குனிந்து ஓலைச் சாம்பலைக் கூட்டினேன்.

"வாற வியாழன் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் இனி இஞ்சை வாறேல்லை. கோயிலுக்கும்தான்."

அழவில்லை, சத்தம் போடவில்லை. உம்மைப் போலவே நேரே பார்த்துச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயம்.

அவர்கள் போன பிறகு உம்முடைய அண்ணர் வலையை மடியில் வைத்தபடி வாய் திறந்தார். இத்தனை வருடத்தில் உம்முடைய மனுசனைக் கொண்டுபோன அந்தக் காற்றைப் பற்றி அவர் கதைத்தது அதுதான் முதல் தடவை. "அவன்ரை வள்ளம் எனக்குப் பக்கத்திலைதான் நிண்டது. இஞ்சேரும், தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும்."

சொல்லமாட்டேன். என்னிடம் இருப்பது உம்முடைய கேள்வி மட்டும்தான். நீர் போன பிறகு அதை ஒருவரும் சொல்வதில்லை. இந்த வியாழன் என் முறை வரும்போது "வேறு படகுகளும்" என்று மூன்று தரமும் நான் சொல்வேன். உமக்கு அது போதுமாக இருந்தது. உம்முடைய மகளைப் பிடித்து வைக்க அது போதுமோ தெரியவில்லை.

நீர் இப்போது ஆண்டவருக்குப் பக்கத்தில் இருக்கிறீர் என்று நம்புகிறேன். உம்முடைய மனுசனும் அங்கேதான். இதற்குள் நேரே கேட்டிருப்பீர். கேட்காமல் இருக்கிற ஆளில்லை நீர். அவர் என்ன சொன்னார்? வியாழனுக்கு முதல் எனக்கு மறுமொழி தாரும், மச்சாள்.