எந்தக் கனவானும் ஓட்டிய வண்டி அல்ல அது

என் அம்மா ரோசம்மாவுக்கு,

உன் கப்பல் காரை விற்றுவிட்டேன். நீ சொன்னபடிதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "வித்துரு. ஷெட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லுதான், நீ எங்க கொண்டு வைப்ப? ஆனா அழுதுக்கிட்டு விக்காத" என்றாய். அழவில்லை அம்மா. சண்டை போட்டுத்தான் விற்றேன். அதை உனக்குச் சொல்ல வேண்டும். நாலு பேர் காதிலும் விழட்டும்.

உன்னைத் தெரியாதவர்கள் அந்த வண்டியை எப்படி நம்புவார்கள்? பஹ்ரைனில், குதைபியாவில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருந்த தூத்துக்குடிக்காரி நீ. உன்னிடம் துணி தைத்த பஹ்ரைனி அம்மா ஒருவர், கணவர் போனபிறகு முற்றத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்த பழைய அமெரிக்க வண்டியை இரும்புக்கடைக்குத் தள்ளப் பார்த்தார். நீ கேட்டு வாங்கிக்கொண்டாய். இரண்டே கதவு, கட்டில் நீளத்துக்கு முன்பக்கம், சோபா போன்ற சீட், இமை திறப்பதுபோலத் திறக்கும் விளக்குகள். ஓட வைக்கவே உனக்கு வருடங்கள் ஆயின.

"டெய்லருக்கு எதுக்கு இந்தக் கப்பல்?" என்று டீக்கடையில் ஆண்கள் சிரித்தார்கள். "சிரிக்கட்டும். பெட்ரோல் நாந்தான போடுதேன்" என்று நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போவாய். பின்சீட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கம்பி பொருத்தி, கல்யாணக் கவுன்களைக் கசங்காமல் தொங்கவிட்டு, ரிஃபாவுக்கும் ஈஸா டவுனுக்கும் நீயே கொண்டுபோய்க் கொடுத்தாய்.

நீ போனபிறகு உன் தம்பி செல்வம் மாமா குவைத்தில் ஃபர்வானியாவிலிருந்து வந்தார். பழைய கார்களைச் சேகரிப்பவர்களுக்கு விற்றுக்கொடுக்கும் தரகர் ஒருவரைப் பிடித்ததும் அவர்தான். தரகர் சென்னைக்காரர். நல்லவிதமாகத்தான் பேசினார். விளம்பரத்தை எழுதிக்கொண்டு வந்து காட்டினார்: கனவான் ஒருவர் கையில் இருந்த வண்டி, கேரேஜை விட்டு அதிகம் வெளியே வந்ததில்லை.

"எந்தக் கனவான்?" என்று கேட்டேன்.

"அது ஒரு ஸ்டைல் மேடம். கலெக்டர்ஸ் அப்படித்தான் எதிர்பார்ப்பாங்க. டெய்லரம்மா டெலிவரிக்கு ஓட்டின வண்டின்னு போட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அப்புறம் அந்தக் கம்பி... அதை முதல்ல கழட்டிடணும்."

"கம்பில கை வைக்காதீங்க."

மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். "ஒரு வார்த்தைதானட்டி. நீ ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்க? அக்காவுக்கு இதுல என்ன கொறஞ்சிரப் போகுது?"

குறையாதா? அப்பா நம்மை விட்டுப் போனபோது, கைக்குழந்தையோடு ஊருக்குத் திரும்பிவிடச் சொன்னவர்கள் எத்தனை பேர்? திரும்பாமல் இங்கேயே நின்று ஜெயித்தவளின் ஸ்டியரிங்கில், பிறக்கவே பிறக்காத ஒரு கனவானை உட்கார வைக்க நான் கையெழுத்துப் போடுவேனா? வண்டியின் பேப்பர் என் பெயரில் இருந்தது. "என் அம்மா ஓட்டின வண்டின்னு போடுங்க. இல்லன்னா கலாஸ், விக்கவே வேண்டாம்" என்றேன். நீ வண்டியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படத்தையும் கொடுத்தேன்.

தரகர் சொன்னது பொய்யில்லை. சில வாரங்கள் யாருமே வரவில்லை. ஷெட்டுக்காரர் தினமும் போன் செய்தார். குவைத்துக்குத் திரும்பிய மாமா போன் செய்வதை நிறுத்திக்கொண்டார். ஒருநாள் நானே பயந்துதான் போனேன் அம்மா. தரகருக்குப் போன் செய்ய எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

பிறகுதான் குவைத்திலிருந்து ஒரு வயதானவர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். கதவைத் திறந்தவர் கம்பியைக் காட்டி, "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சொல்லாதீங்க மேடம்" என்று தரகர் தமிழில் முணுமுணுத்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடை, கவுன்கள், ரிஃபா, மழையில் நடுரோட்டில் நின்றுபோன வண்டியை நீயும் நானும் தள்ளியது வரைக்கும். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தரகர் பேசிவைத்ததைவிடக் குறைத்துத்தான் விலை சொன்னார். "நிறைய ஓடிய வண்டி. கம்பிக்காகக் கூரையில் ஓட்டை வேறு" என்றார். தரகர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"சரி, எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியை எடுக்கக் கூடாது" என்றேன்.

"வாங்கியபிறகு அது என் வண்டி. அந்த வாக்கை என்னால் தர முடியாது" என்றார். முகத்துக்கு நேரே சொன்னதால் அவரை நம்பினேன்.

"அப்படியானால் ஒன்று. யார் ஓட்டிய வண்டி என்று எவர் கேட்டாலும் என் அம்மாவின் பெயரைச் சொல்ல வேண்டும்."

"என்ன பெயர்?"

"ரோசம்மா."

"ரூசாமா" என்றார். நான் விடவில்லை. திரும்பச் சொல்ல வைத்தேன். மூன்றாம் தடவை சரியாக வந்தது. அதன்பிறகே சாவியைக் கொடுத்தேன்.

மாமாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீரும்போது தீரட்டும்.

அந்த மனிதர் குவைத்தில் கண்காட்சிக்கு வண்டியை வைப்பாராம். நான் டிக்கெட் எடுத்துப் போவேன். வருகிறவர்களோடு நின்று, ஒன்றும் தெரியாதவள்போல, இது யார் ஓட்டிய வண்டி என்று அவரிடமே கேட்பேன். உன் பெயரைச் சொன்னால் கும்பிட்டுவிட்டு வருவேன். சொல்லாவிட்டால், அந்த மண்டபத்தில் எத்தனை பெரிய மனிதர்கள் இருந்தாலும் சரி, எல்லோருக்கும் கேட்கும்படி நான் சொல்வேன். இது சத்தியம் அம்மா.

ரோசம்மா டெய்லரின் ஒரே மகள்,
ஷீலா