எங்கும் போகாத மூன்று படிகள்

டீச்சர்,

நேற்று நம் பள்ளிக்குள் நுழைந்ததுமே கடுக்காயும் வெல்லமும் ஊறிய வாடை. பள்ளி நடக்கும் பழைய பங்களாவுக்குச் சுண்ணாம்புப் பூச்சு நடக்கிறது. சிமென்ட் பூசினால் இந்தச் சுவருக்கு மூச்சு முட்டும் என்று நீங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னது யார் காதிலோ விழுந்திருக்கிறது. சந்தோஷமாகப் போர்ட்டிகோ வரை போனேன். அங்கே, தனியாக நிற்கும் அந்த மூன்று கல்படிகளின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி. மதியம் பெயர்த்துவிடுவார்களாம். அந்த இடத்தில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வருகிறது.

அந்தப் படிகளைப் பற்றி நான் சொல்லித்திரிந்த கதை நினைவிருக்கிறதா? நான் கணக்கு டீச்சர், சரித்திரம் உங்களுடையது. ஆனாலும் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம், இந்த வீட்டைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை, ஒரு ராணுவ அதிகாரி, இதன்மேல் நின்றுதான் சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டார் என்று வருடா வருடம் சொல்வேன். ஒருநாள் அது உங்கள் காதில் விழுந்தது. பிள்ளைகள் கலைந்த பிறகு என்னிடம் வந்தீர்கள்.

"ஏனுங்க டீச்சர், உத்தரவு போட இத்தன பெரிய வராந்தா இருக்குதே. அத விட்டுட்டு வெயில்ல இந்தக் கல்லு மேல எதுக்குங்க ஏறோணும்?"

"அப்ப இது எதுக்கு? மூணு படி ஏறினா அப்புறம் ஒண்ணுமில்லையே."

"பக்கத்துல ஒரு குதிரைய நிறுத்திப் பாருங்க."

மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் படியில் நின்றால் சேணத்தில் ஏறச் சரியாக இருந்தது. மறுநாள் வகுப்பில், நான் சொன்னது தப்பு என்றேன். "நேத்து தொரெ, இன்னிக்குக் குதிரையா மேடம்?" என்று ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது.

அதன் பிறகு அந்த வீட்டை உங்களோடுதான் பார்த்தேன். ஏழாம் வகுப்பு உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். துணி விசிறி தொங்கிய இடம் என்று எனக்கும் தெரியும். நீங்கள் சுவரில் ஒரு விரல் அளவு ஓட்டையைக் காட்டினீர்கள். கயிறு அதன் வழியாக வெளியே போகும்; அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து நாள் முழுக்க இழுப்பான். "கொக்கியப் பாத்தா விசிறி தெரியும். ஓட்டையப் பாத்தாத்தானுங்க அந்த ஆளு தெரிவான்."

நீங்கள் கடைசியாகப் பள்ளிக்கு வந்தது பழைய மாணவிகள் கூடிய அன்று. முழங்கால் மடங்கவில்லை, வேனின் படியோ உயரம். நாங்கள் கைபிசைந்து நின்றபோது, வேனை அந்தக் கல்லோடு ஒட்டி நிறுத்தச் சொன்னீர்கள். மெல்ல மூன்றாம் படிக்கு ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு வேனுக்குள் ஒரு காலை வைத்தீர்கள்.

"பாத்தீங்களா, இத்தன வருசம் கழிச்சுக் குதிரை வந்துருச்சு."

நேற்று அதை இன்ஜினியரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சின்னப் பெண், கன்னடம் கலந்த நம் ஊர்த் தமிழ்.

"சும்னெ இருக்கு மேடம் இது. எங்கயும் போகாத படி."

"சாய்தளம் வேண்டாம்னு சொல்லலம்மா. அது இல்லாம கஷ்டப்பட்டவங்களைப் பார்த்தவ நான். உங்க வேனை மட்டும் இதுக்குப் பக்கத்துல நிறுத்தச் சொல்லு."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். அந்தப் பெண் மூன்றாம் படியில் ஏறி, ஒரு காலை வேனுக்குள் வைத்தாள்.

"லெவலா இருக்கே மேடம்."

பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு பக்கவாட்டு வராந்தாவுக்குப் போனாள். அங்கே ஏறுவதற்கு இரண்டே படி. சாய்தளத்துக்கு அதுவே சுலபம் என்றாள். ஈரத்துணியால் சாக்பீஸ் குறியை அவளே துடைத்தாள்.

புரியாத எதைப் பார்த்தாலும், இதன் பக்கத்தில் என்ன நின்றிருக்கும் என்று கேட்கும் பழக்கம் உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. அந்தக் கல்லைப் பார்க்கும்போது மட்டும் கேட்க வேண்டியதில்லை. இப்போது என் கண்ணுக்கு அங்கே குதிரை நிற்பதில்லை. வேன் நிற்கிறது, கதவைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஒரு காலை வைக்கிறீர்கள்.