முத்திரை வைத்த எடை இயந்திரம்

என் வீட்டை ஆளும் மகராசிக்கு,

நலம். பேத்திக்குச் சளி விட்டதா? மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்று மட்டும் என்னோடு கோபித்துக்கொண்டு போய்விட்டது.

நெஞ்சுத் துடிப்பு சில நாள் ஒழுங்காக இருக்கிறது, சில நாள் தாளம் தப்பி ஓடுகிறது. ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. தூங்கும்போது மாட்டும் முகமூடியும் பழகிவிட்டது. குறட்டை நின்றதில் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் ஏகப்பட்ட சந்தோஷம்.

இனி வருவதை முழுதும் படித்துவிட்டுத் திட்டு. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் என்னை எடை போட்டார்கள். நூற்றுப் பதினெட்டு. ஞாயிறன்று நம் வீட்டு எடை இயந்திரத்தில் நான் ஏறி நின்றபோது உன் தம்பி படமெடுத்து உனக்கு அனுப்பியதோ நூற்றொன்பது, சிகிச்சைக்கு டாக்டரம்மா கேட்ட அதே எண். அந்தப் படத்தைக் காட்டியதும், "வீட்டு மெஷின் ரிப்பேரா இருக்குமோ?" என்று டாக்டரம்மா கேட்டார். முப்பது வருடமாகக் கடை கடையாக எடை இயந்திரம் பழுது பார்க்கிற நான், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். படி இறங்கக் கால் வரவில்லை. திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன்.

வாரா வாரம், உன் தம்பி வருவதற்கு முன், நானே அதைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வைத்தேன். எந்தக் கடைக்காரர் கெஞ்சியும் நான் செய்யாத வேலை. எண் இறங்காவிட்டால் பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு நீ மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவாய் என்று பயந்தேன். வாயைக் கட்டத் தெரியாதவன் என்று இன்னொரு முறை பெயர் வாங்கவும் வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மா கத்தவில்லை. "எடைக்காக உங்கள யாரும் குத்தம் சொல்லல. ஆனா மயக்க மருந்தே எடையப் பாத்துதான் குடுக்கணும். இந்த எடையில இப்பவே செஞ்சா துடிப்பு மறுபடி தப்பறதுக்கு வாய்ப்பு அதிகம்" என்றார். தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் கம்பி விட்டுச் செய்யும் சிகிச்சை மூன்று மாதம் தள்ளிப் போய்விட்டது. பிறகு பழைய காகிதத்தைப் புரட்டி, நூற்றிருபத்தொன்றிலிருந்து நிஜமாகவே மூன்று கிலோ இறங்கியிருக்கிறேன் என்றார். நான் செய்த தில்லுமுல்லில் அது எனக்கே தெரியாமல் போயிருந்தது.

உன் தம்பியிடமும் சொல்லிவிட்டேன். "எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டேனே மாமா" என்றான். அதுதான் அதிகமாகச் சுட்டது.

இயந்திரத்தைச் சரிசெய்து, கடைகளில் இருப்பது போலக் கம்பி கோத்து ஈய முத்திரை வைத்திருக்கிறேன். இனி நான் திறந்தால் உனக்குத் தெரிந்துவிடும்.

பேத்தி நல்ல உடம்போடு வளரட்டும். மகள் தெம்பாக நடமாடட்டும், அதுவரை அவசரமே இல்லை. அதற்குப் பிறகு வா. ஏறி நின்றால் வயிறு மறைத்து எண் எனக்குத் தெரிவதில்லை. நீ பக்கத்தில் குனிந்து படித்துச் சொன்னால், எந்த எண்ணாக இருந்தாலும் கேட்டுக்கொள்வேன்.

நூற்றுப் பதினெட்டு கிலோவும் உனக்கே உரிய,
உன் வீட்டுக்காரன்